காண்டல், கருதல், உரை

1

“கம்ப்யூட்டர்ல ஏதாவது மாத்தினீங்களா?” என்று அந்த அதிகாரி கேட்டார். “இல்லைங்க” என்றேன். நான் சொன்னது பொய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் “ஆமாம்” என்று சொல்லியிருந்தால் அதுவும் அவர் காதில் ஒரு பொய்யாகத்தான் போய் விழுந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நான் அகப்பட்டுக்கொண்டதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புகைப்படக் கலையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. எழுதுகிறவர்களுக்கும் இதில் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று படுவதால் இங்கே எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுக்குத் தெற்கே ஒரு பள்ளம். எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். மழைக்காலத்தில் மட்டும் ஓட வேண்டிய அந்தப் பள்ளம் இப்போதெல்லாம் கோடையிலும் ஓடுகிறது. ஓடுவது மழைத்தண்ணீர் இல்லை என்பது கரையோரம் காடு வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரவில் எங்கோ திறந்து விடுகிறார்கள். விடியும்போது பள்ளத்தில் நிறம் நிற்கிறது. வெயில் ஏறுவதற்குள் கரைந்தும் கலைந்தும் போய்விடுகிறது. மனுக் கொடுக்கப் போனால் “சாட்சி என்ன?” என்று கேட்கிறார்கள். அங்கே மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் நல்ல காமிரா இருப்பது தெரிந்து ஒரு நாள் வந்தார். “ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க தம்பி. நாங்க சொன்னா நம்ப மாட்டீங்கறாங்க, போட்டோ சொன்னா நம்புவாங்க” என்றார்.

மார்கழியில் ஒரு விடியற்காலை. சூரியன் இன்னும் மேலே வரவில்லை. அண்ணா வரப்பில் வெள்ளை வேட்டியோடு நின்றார். எதிரே, சட்டகத்தின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர். என்ன நிறம்? நான் பார்த்தது மழையில் நனைந்த செங்கல்லின் நிறம் என்று நினைவு. அவர் “குங்குமம் கரைச்ச மாதிரி” என்றார். நான் ஒரே படத்தை இரண்டு விதமாகப் பதிவு செய்யும்படி காமிராவை வைத்திருந்தேன். ஒன்று, காமிராவே சமைத்துக் கொடுக்கும் சாதாரணப் படம், ஜேபெக். மற்றது, சமைக்காத கச்சாக் கோப்பு, ‘ரா’ என்று சொல்கிறார்களே, அது.

வீட்டுக்கு வந்து ஜேபெக்கைத் திறந்தால் தண்ணீர் சேறாக இருந்தது. எந்தக் குளத்திலும் பார்க்கக்கூடிய பழுப்பு. குற்றம் எதுவும் நடந்ததற்கான அடையாளமே இல்லை. காரணம் பிறகு புரிந்தது. காமிராவுக்கு நீர் சிவப்பா, ஒளி சிவப்பா என்று தெரியாது. எந்தக் காட்சியிலும் நிறங்களையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ சாம்பல் நிறம்தான் வரும் என்பது அதற்குள் வைக்கப்பட்டிருக்கும் பழைய நம்பிக்கைகளில் ஒன்று. சட்டகம் முழுக்கச் சிவப்பு நின்றால், அது ஒளியின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு சிவப்பைக் குறைத்துவிடும். அதாவது, யாரும் கை வைக்காத, ‘உள்ளது உள்ளபடி’ என்று நாம் நம்பும் படம்தான் அன்று சாயப்பட்டறையை விடுதலை செய்தது.

பிறகு ரா கோப்பைத் திறந்தேன். நான் உபயோகிப்பது டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள். படத்தில் வெள்ளையான ஒரு பொருளைக் காட்டினால், அதை வெள்ளை என்று ஒப்புக்கொண்டு மற்ற நிறங்களையெல்லாம் அதற்கேற்பத் திருத்தித் தரும். அண்ணாவின் வேட்டியைக் காட்டினேன். தண்ணீர் சட்டென்று சிவந்தது. அவருக்குக் காட்டினேன். “இதேதானுங்க தம்பி. அன்னிக்கு இப்புடித்தான் இருந்துச்சு” என்றார். பிரிண்ட் போட்டு மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். அந்த அலுவலகத்தில் வேறொருவர் அதே நாள் காலையில் போனில் எடுத்த படம் இருந்தது. அதில் தண்ணீர் பழுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

2

சைவ சித்தாந்திகள் அறிவுக்கு வழி எது என்ற கேள்வியை ‘அளவை’ என்ற பெயரில் விசாரித்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் அளவைகளைப் பலவாகச் சொல்லி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. கண்டு அறிவது, கண்டதிலிருந்து ஊகித்து அறிவது, நம்பத் தகுந்தவன் சொல்லக் கேட்டு அறிவது. எனக்குச் சித்தாந்தத்தில் பிடிப்பு இல்லை. ஆனால் என் குழப்பத்தைப் பிரித்து வைக்க இந்த மூன்று பெட்டிகளைவிட வசதியான வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

புகைப்படம் காண்டல் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. எழுத்தாளன் கற்பனை செய்வான், ஓவியன் திரித்து வரைவான், காமிரா மட்டும் காணும். ரா கோப்பு அந்தக் காண்டலின் சுத்தமான வடிவம் என்று தொழில் தெரிந்தவர்களே பேசுகிறார்கள். அதற்கு ‘டிஜிடல் நெகடிவ்’ என்றுகூடப் பெயர் உண்டு. 2004இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த பொதுவான கோப்பு வடிவத்தின் பெயரே அதுதான்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. காமிராவின் உணரிக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும் தெரியும். அதனால் அதன் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் ஒரு நிறக் கண்ணாடியை ஒட்டிவிடுகிறார்கள். கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றும் பெரும்பாலான காமிராக்கள் இதை அனுசரித்துத்தான் இயங்குகின்றன. நான்கு புள்ளிகளில் ஒன்று சிவப்பை மட்டும் வாங்கும், ஒன்று நீலத்தை மட்டும், இரண்டு பச்சையை மட்டும். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நம் கண் பச்சையில்தான் அதிகம் உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. 24 மெகாபிக்ஸல் காமிரா என்றால் 60 லட்சம் புள்ளிகள் சிவப்பைக் கண்டவை, 60 லட்சம் நீலத்தைக் கண்டவை, 120 லட்சம் பச்சையைக் கண்டவை. ஆனால் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்களும் வேண்டும். காணாத இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்துப் போடுகிறது.

ஆகவே, திரையில் தெரியும் எந்த வண்ணப்படத்திலும் மூன்றில் ஒரு பங்கு காண்டல். மீதி இரண்டு பங்கு கருதல்.

இந்த ஊகத்துக்கு முன்னால், வெறும் கண்டதை மட்டும் எண்களாக வைத்திருப்பதுதான் ரா கோப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் 4,096 அல்லது 16,384 படிகளில் ஏதோ ஒரு எண். அதைத் திருத்தம் எதுவும் இல்லாமல் திரையில் கொண்டுவந்து பாருங்கள். இருண்டு, அழுந்தி, பாசி படிந்தாற்போல் பச்சையாக இருக்கும். நம் பாஷையில் சமைக்காததைப் பச்சை என்று சொல்வது இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. அந்தப் பச்சைக் காட்சியை யாரும் கண்ணால் கண்டதில்லை. அண்ணா காணவில்லை, நான் காணவில்லை, வரப்பில் நின்ற கொக்கு காணவில்லை. கலப்பில்லாத காண்டல் என்று நாம் கும்பிட்டுக்கொண்டிருப்பது மனிதக் காட்சியே அல்ல. தத்துவத்தில் நிருவிகற்பக் காட்சி என்று ஒன்றைச் சொல்வார்கள். ‘ஏதோ ஒன்று இருக்கிறது’ என்ற அளவில் நின்றுவிடுவது, பெயரும் குணமும் இன்னும் ஏறாத காட்சி. பெயரும் குணமும் ஏறிய பிறகு அது சவிகற்பம். ரா கோப்பு நிருவிகற்பத்தில் நிற்கிறது. ‘சிவப்புத் தண்ணீர்’ என்பது சவிகற்பம். மனுவோடு நிருவிகற்பத்தை இணைக்க முடியாது.

நம் கண்ணும் இப்படித்தான். குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் வெள்ளைத் தாளை மஞ்சளாகவா பார்க்கிறோம்? சற்று நேரத்தில் மூளை ஒளியின் நிறத்தைக் கழித்துவிட்டுத் தாளை வெள்ளையாக்கிக் கொடுத்துவிடுகிறது. ‘என் கண்ணால் கண்டேன்’ என்று சத்தியம் செய்கிறவனும் சமைத்த படத்தைத்தான் சாட்சிக்குக் கொண்டுவருகிறான்.

3

கருதல் தவிர்க்க முடியாதது என்றால், எந்தக் கருதலும் ஆகுமா? இங்கேதான் நம்மில் பலர் அவசரப்பட்டு, எல்லாமே திரிபு, எல்லாமே கதை, உண்மை என்று ஒன்று கிடையாது என்று கையை உதறிவிடுகிறார்கள். சிறுபத்திரிகைச் சூழலில் கொஞ்ச காலம் இது ஒரு ஞானமாகவே புழங்கியது. சாயத் தண்ணீர் பாயும் காட்டின் வரப்பில் நின்றுகொண்டு இந்த ஞானத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீர் ஏதோ ஒரு நிறத்தில் இருந்தது. அந்த நிறத்துக்கு யாரோ காரணம்.

எங்கள் ஊர் மஞ்சளை வைத்து யோசித்துப் பார்க்கிறேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணிலிருந்து தோண்டி எடுத்த பச்சை மஞ்சளை அப்படியே மண்டிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வேகவைக்க வேண்டும், களத்தில் பரப்பி நாள்கணக்கில் காயவைக்க வேண்டும், டிரம்மில் போட்டு உருட்டிப் பாலீஷ் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் விரலி, கிழங்கு என்று ரகம் பிரித்து விலை பேசுவார்கள். வேகவைத்தால்தான் நிறம் கிழங்கு முழுவதும் ஒரே சீராகப் பரவும். இந்த மாற்றத்தை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. ஆனால் வியாபாரத்தில் இன்னொரு மாற்றமும் உண்டு. மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்ட லெட் குரோமேட் என்ற ஈய உப்பைப் பூசுவது. அது விஷம். இரண்டுமே மஞ்சளை மஞ்சளாக்கும் வேலைதான். ஒன்று கிழங்குக்குள் இருந்த நிறத்தை வெளியே கொண்டுவருகிறது. மற்றது வாங்குகிறவன் கண்ணில் இருக்கும் ஆசையைக் கிழங்கின் மேல் பூசுகிறது. ரா கோப்பைப் படமாக்குவதிலும் இந்தப் பிரிவினை செல்லும் என்று முதலில் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

திருப்தி நிலைக்கவில்லை. மஞ்சளில் வேகவைக்கிற அடுப்பும் பூசுகிற கையும் வேறு வேறு. மென்பொருளில் இரண்டும் ஒரே பட்டைதான். இடது பக்கம் நகர்த்தினால் பழுப்பு, வலது பக்கம் நகர்த்தினால் குங்குமம். எந்த இடத்தில் வேகவைத்தல் முடிந்து பூச்சு தொடங்குகிறது என்று அந்தப் பட்டையில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே அந்த ஸ்டுடியோக்காரர் பிரிண்ட் போடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ சரக்குப் பெட்டிகள் அலமாரியில் இருக்கும். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. ஒளி விழும்போது உள்ளங்கையால் முகத்துக்கு மட்டும் நிழல் கொடுப்பார். நிழல் விழுந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். நெகடிவிலேயே பென்ஸிலால் கன்னத்து வடுவை நிரப்புவார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் கூலி அதிகம். மாநிறப் பெண்கள் எல்லாம் அந்த அறையிலிருந்து சிவந்து வெளியே வந்தார்கள். இன்றைய கல்யாண ஆல்பங்களில் அதே வேலை பட்டையை நகர்த்தி நடக்கிறது. நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வண்ணப் பிலிம் பரவிய ஆண்டுகளில், அமெரிக்கச் சோதனைக் கூடங்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரியாக வைத்து, அவள் தோல் சரியாக வந்தால் நிறமெல்லாம் சரி என்று அச்சு இயந்திரங்களைச் சரிசெய்து வந்தார்கள். கோடக் அனுப்பிய அந்த மாதிரி அட்டைக்கு ‘ஷெர்லி’ என்று பெயர். யாரும் தொடாத பிலிமுக்குள்ளேயே யாரோ ஒருத்தியின் தோல் நடுநிலையாக உட்கார்ந்திருந்தது. இன்றைய ஜேபெக்கிலும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பொறியாளரின் ருசி இருக்கிறது. ‘நான் எதையும் மாற்றவில்லை’ என்று சொல்கிறவன் உண்மையில் சொல்வது, ‘மாற்றும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டேன்’ என்பதுதான்.

உலகத்தின் பெரிய சபைகளுக்கும் இதில் தெளிவு இல்லை. பால் ஹான்சன் 2012 நவம்பரில் காஸாவில் எடுத்த சவ ஊர்வலப் படம் ‘வேர்ல்ட் பிரஸ் போட்டோ’வின் அந்த ஆண்டுப் பரிசைப் பெற்றது. 2013 மே மாதம் அது பல படங்களை ஒட்டிச் செய்தது என்று புகார் எழுந்தது. நிபுணர்கள் ரா கோப்பை வாங்கி ஒப்பிட்டு, ஒட்டுவேலை இல்லை, நிறத்திலும் ஒளியிலும்தான் திருத்தம் நடந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2015ஆம் ஆண்டுப் போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 சதவீதம் மூலக் கோப்போடு ஒப்பிட்டு நீக்கப்பட்டன. அதாவது, ரா கோப்பு அங்கே சாட்சி. அதே 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் வெளிப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு கட்டளை அனுப்பியது: ரா கோப்பிலிருந்து சமைத்த படங்களை இனி அனுப்பாதீர்கள், காமிரா கொடுக்கும் ஜேபெக்கையே அனுப்புங்கள். வேகமும் வேண்டும், செய்தியின் நாணயமும் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அங்கே ரா கோப்பு சந்தேகத்துக்குரியது. ஒரே ஆண்டில் ஒரே பொருள் ஒரு வாசலில் சாட்சியாகவும் இன்னொரு வாசலில் சந்தேகக் கைதியாகவும் நின்றது.

இந்த முரண்பாட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. வேர்ல்ட் பிரஸ் கேட்டது கச்சாப் படத்தை அல்ல. கச்சாவிலிருந்து முடிந்த படம் வரைக்கும் வந்த வழியைக் கேட்டது. ராய்ட்டர்ஸ் அஞ்சியது மாற்றத்துக்கு அல்ல. ஜேபெக்கிலும் மாற்றம்தானே? கேட்டுப் பார்க்க நேரமில்லாத, கண்ணில் படாத வழிக்கு அது அஞ்சியது. இரண்டு சபைகளும் பேசிக்கொண்டிருந்தது காண்டலையோ கருதலையோ பற்றி அல்ல. மூன்றாவதைப் பற்றி.

4

உரை என்பது ஆப்தன் சொல். நம்பத் தகுந்தவன், தெரிந்தவன், தெரிந்ததை மறைக்காதவன் சொன்னால்தான் அது அளவையாகும். புகைப்படத்தை நான் காண்டல் என்று நினைத்துக் கொடுத்தேன். அதிகாரி அதை உரை என்று சரியாகப் புரிந்துகொண்டார். அதனால்தான் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டார்.

நான் ஏன் “இல்லை” என்றேன்? ‘ஆமாம்’ என்றால் அந்த அறையில் ‘பொய்’ என்று அர்த்தம். ரா கோப்பு என்றால் என்ன, எந்தப் படமும் மாறாமல் வராது, போன் எடுத்த படமும் தானாக மாறியதுதான் என்றெல்லாம் விளக்க அவர் எனக்குக் கொடுத்த நேரம் போதாது. பக்கத்தில் அண்ணா கையில் மனுவோடு நின்றிருந்தார். அவர் காட்டில் இரண்டு போகமாக எதுவும் சரியாக விளையவில்லை. அவருக்காகத்தான் சொன்னேன் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரவில் கோப்பை மறுபடியும் திறந்தேன். வேட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் வெள்ளை வேட்டி வெள்ளை இல்லை. சொட்டு நீலம் போட்டு அலசியது. நீலம் கலந்திருப்பதால்தான் அது கண்ணுக்கு வெள்ளையிலும் வெள்ளையாகத் தெரிகிறது. போதாததற்கு, விடியற்காலை நீல வானத்தின் வெளிச்சம். நான் அந்த நீலத்தைக் காட்டி ‘இதுதான் வெள்ளை’ என்று சொன்னதும், மென்பொருள் படம் முழுவதிலும் இருந்த நீலத்தை அளவுக்கு மீறிக் கழித்துவிட்டது. மிஞ்சியது சிவப்பும் மஞ்சளும். தண்ணீர் அன்று இருந்ததைவிட என் படத்தில் சிவப்பாக இருந்தது. போன் படம் ஒரு பக்கம் பொய் சொன்னது. என் படம் மறுபக்கம். உண்மை இரண்டுக்கும் இடையில் எங்கோ, என் பட்டையில் ஒரு விரல்கடை தூரத்தில், இருந்தது.

இந்தத் தவறு வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் நான் ஏன் உடனே கவனிக்கவில்லை என்பதற்குப் பதில் உண்டு. படம் நான் எதிர்பார்த்த பக்கம் சிவந்தது. எதிர்ப்பக்கம் போயிருந்தால் வேட்டியைச் சந்தேகித்திருப்பேன். அண்ணாவும் “இதேதான்” என்றார். நினைவு என்பதும் ஒரு ஒயிட் பேலன்ஸ்தான்; நமக்கு நேர்ந்த அநியாயத்தை வெள்ளையாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்குத் தக்கபடி திருத்திக்கொள்கிறது. எனவே, நோக்கம் நல்லதாக இருந்தால் கருதல் நல்லதாகிவிடும் என்ற வாதத்தை நான் கைவிட வேண்டியதாயிற்று. என் நோக்கம் நல்லது. என் படம் தப்பு.

நண்பர் ஒருவர், கவிதை எழுதுகிறவர், இதைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். “சாயம் திறந்து விடுகிறவனிடம் யாரும் நிறத்தைத் துல்லியமாக நிரூபி என்று கேட்பதில்லை. தண்ணீர் கெட்டுப் போனவன் மட்டும் ஒயிட் பேலன்ஸ் சரியாக வைக்க வேண்டுமா? சிவப்பு கொஞ்சம் கூடினால் என்ன? மொத்த அநியாயத்துக்கு அந்தச் சிவப்பு போதாது” என்றார். இந்த வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. பலவான் பத்துப் பொய் சொன்னாலும் அவன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். பலமில்லாதவனிடம் இருக்கும் ஒரே மூலதனம் அவன் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு. கூட்டிய ஒரு சிவப்பைப் பிடித்துக்கொண்டு, இருந்த சிவப்பையும் இல்லை என்று ஆக்கிவிட எதிரிக்கு அதிக நேரம் ஆகாது. நான் “இல்லை” என்று சொன்னபோது அண்ணாவின் மூலதனத்திலிருந்து அவரைக் கேட்காமல் எடுத்துச் செலவழித்தேன்.

எழுத்தில் இது எப்படி இருக்கிறது என்று யோசிக்கிறேன். நம் விமர்சனத்தில் ‘பச்சையான அனுபவம்’, ‘சமைக்கப்படாத வாழ்க்கை’ என்பவை பாராட்டுச் சொற்களாக இருந்து வந்திருக்கின்றன. எழுத்தாளன் கை படாமல் வாழ்க்கை தானே வந்து பக்கத்தில் விழுந்துவிட்டது என்ற பிரமையைத் தருவதுதான் யதார்த்தத்தின் வெற்றி என்று நினைத்தோம். அதற்கு எதிராக, எல்லாம் மொழியின் ஜோடனை என்று வேறொரு கட்சி கிளம்பியது. முதல் கட்சிக்காரர் ஜேபெக்கை உண்மை என்று நம்புகிறார். இரண்டாம் கட்சிக்காரர் பட்டையை எங்கே நகர்த்தினாலும் ஒன்றுதான் என்கிறார். இருவருமே கேள்வியிலிருந்து தப்பித்துவிடுகிறார்கள். “மாற்றினாயா?” என்று ஒருவர் கேட்கும்போது முதல்வர் இல்லை என்பார். இரண்டாமவர் கேள்வியே தப்பு என்பார். ‘ஆமாம், இந்த இடத்தில், இவ்வளவு, இந்தக் காரணத்துக்காக’ என்று சொல்ல இருவரிடமும் ஆள் இல்லை.

ரா கோப்பைப் படமாக்கும் மென்பொருள்களில் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. நாம் என்ன செய்தாலும் அவை மூலக் கோப்பைத் தொடுவதில்லை. ஒயிட் பேலன்ஸ் இவ்வளவு, ஒளி இவ்வளவு, நிழல் இவ்வளவு என்று செய்த காரியங்களையெல்லாம் வரிசையாக, பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கின்றன. வேறொருவர் மூலத்தையும் அந்தச் சிறு கோப்பையும் எடுத்துக்கொண்டு போனால் நான் நடந்த வழியில் ஒவ்வொரு அடியாக நடந்து பார்க்கலாம். எங்கே சறுக்கினேன் என்று காட்டலாம். என் எதிரியும் காட்டலாம். வேகவைத்தலுக்கும் பூச்சுக்கும் நடுவே பட்டையில் கோடு இல்லை என்று சொன்னேன். கோடு பட்டையில் இல்லை, இந்தச் சிறு கோப்பைக் கொடுக்கத் தயாராக இருப்பதில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். மஞ்சளை எப்படி வேகவைத்தேன் என்று எந்த விவசாயியும் சொல்லுவார். லெட் குரோமேட் பூசுகிறவன் சொல்ல மாட்டான்.

அடுத்த வாரம் ஒரு பென்டிரைவில் ரா கோப்பு, சிறு கோப்பு, ஜேபெக் மூன்றையும் போட்டு, திருத்திய புதுப் பிரிண்ட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். போன தடவை தப்பாகச் சொன்னேன், மாற்றினேன், இன்னின்ன மாற்றினேன், வேட்டியால் வந்த பிழை இது என்றேன். அண்ணாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரீங்க தம்பி, உள்ளதச் சொல்லிருங்க” என்றிருந்தார். அதிகாரி பிரிண்டை வாங்கிப் பார்த்தார். பென்டிரைவை வாங்கவில்லை. வெளியாள் பென்டிரைவை அங்கே கம்ப்யூட்டரில் போடக் கூடாதாம். பிரிண்டைக் கோப்பில் வைத்துக்கொண்டார். என்னை நம்பினாரா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

பிறகு நிறம் பார்ப்பதற்கென்றே விற்கும் சாம்பல் அட்டை ஒன்று வாங்கினேன். அண்ணாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தால் ஒளியைப் பற்றிய சந்தேகம் இராது. நாங்கள் போன அன்று பள்ளத்தில் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அட்டையில் எந்தக் குறையும் இல்லை. நிறத்தில் இனிமேல் யாரும் குற்றம் சொல்ல முடியாத படம். அதில் ஒன்றுமே தெரியவில்லை.

“தெளிஞ்சிருக்குதே அண்ணா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காட்டுக்குள் அழைத்துப் போனார். பாத்தியின் ஓரங்களில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு. சாயத்தின் நிறத்தை எடுத்துவிட்டாலும் அதில் கரைந்திருக்கும் உப்பு போகாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம். நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டியது, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிக் கீழேயிருந்த விவசாயிகளே தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரைக்கும் வழக்கு போயிற்று. அந்தத் தண்ணீரின் நிறத்தைப் படமெடுத்தவர்கள் பலர். பயிரைக் கொன்றது பெரும்பாலும் படத்தில் விழாத உப்பு.

நான் ஒரு வருஷமாக நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணா குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். கரித்தது. அதைப் படம் எடுக்க வழியில்லை. சொல்லத்தான் முடியும், சொன்னால் நம்புகிற மாதிரி இருக்க வேண்டும்.